வெளியே வர மறுக்கும் திறப்பு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் மாலை வேளையில் நடந்து செல்பவர்கள் இக்காட்சியை எப்போதாவது கண்டிருக்கக்கூடும். வீட்டு வாயிலில் ஒரு கார் நிற்கிறது. யந்திரம் ஓய்ந்துவிட்டது. பின்னாசனத்திலிருந்த பிள்ளைகள் புத்தகப் பைகளுடன் இறங்கிவிட்டார்கள். சாரதி மட்டும் இறங்கவில்லை. குனிந்தபடி எதையோ பிடித்து இழுக்கிறார், முறுக்குகிறார், மீண்டும் இழுக்கிறார். திறப்பு வரமாட்டேன் என்கிறது. இரண்டு நிமிடங்களில் அயலவர் ஒருவர் வந்து சேர்வார். "நீங்கள் கொஞ்சம் விடுங்கோ, நான் இழுத்துப் பார்க்கிறன்" என்பார் அவர். இன்னொருவர் தமது வீட்டுக்குள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுடன் திரும்புவார்.

எந்த யந்திரம் இடைஞ்சல் செய்தாலும் நம்மவரிடம் உள்ள வைத்தியங்கள் இரண்டு: ஒன்று பலம், மற்றது எண்ணெய். கிணற்றுக் கப்பிக்கு இவை பொருந்தலாம். காரின் திறப்புத் துவாரத்துக்கு இரண்டுமே பொருந்துவதில்லை. பலத்தினால் திறப்பு முறியும். எண்ணெயினால் இன்றைய தொல்லை நாளை இரட்டிப்பாகும். இவற்றிலும் முக்கியமான ஒரு விஷயம் உண்டு. திறப்பு வெளியே வர மறுக்கிறதென்றால் பூட்டுப் பழுதாகிவிட்டது என்பதே நமது முதல் எண்ணம். பல வேளைகளில் அப்போதுதான் பூட்டுத் தன் கடமையைச் சரிவரச் செய்துகொண்டிருக்கிறது. "இந்த வண்டி இன்னும் பத்திரமாக நிறுத்தப்படவில்லை; நீர் இறங்கிப் போகலாகாது" என்று அது சொல்லுகிறது. அது சொல்வதைக் கேளாமல் நாம் அதனோடு மல்லுக்கட்டுகிறோம்.

பூட்டின் உள்ளே நடப்பது என்னவென்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

திறப்புத் துவாரம் என்று நாம் சொல்வது, ஓர் உறைக்குள் சுழலும் சிறிய உருளையின் வாய். அந்த உருளையின் குறுக்கே, சீட்டுக்கட்டை அடுக்கியதுபோல, மெல்லிய பித்தளைத் தகடுகள் பல வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சாளரம்; ஒவ்வொன்றின் கீழும் மயிரிழை போன்ற ஒரு வில்லுச் சுருள். திறப்பு உள்ளே இல்லாதபோது வில்லுகள் தகடுகளைத் தள்ளுகின்றன. தகடுகளின் நுனிகள் உருளைக்கு வெளியே நீண்டு, உறையில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தில் இறங்கி நிற்கின்றன. ஆகவே உருளை அசையாது. உரிய திறப்பை நுழைத்தால், அதன் விளிம்பிலுள்ள ஏற்ற இறக்கங்கள் ஒவ்வொரு தகட்டையும் வேண்டிய அளவுக்கு உயர்த்தியோ தாழ்த்தியோ, எல்லா நுனிகளையும் உருளையின் மேற்பரப்புக்குச் சமமாக்கிவிடும். அப்போது உருளை தடையின்றிச் சுழலும். மரத்தாலான முளைகளைக் கொண்டு இதே தத்துவத்தில் அமைந்த பூட்டுக்களைப் பண்டை எகிப்தியர் அறிந்திருந்தனர். அமெரிக்கரான லைனஸ் யேல் என்னும் இளையவர் 1861ஆம் ஆண்டிலும் 1865ஆம் ஆண்டிலும் பெற்ற காப்புரிமைகளே தட்டையான சிறு திறப்பையும் சுழலும் உருளையையும் உலகெங்கும் பரப்பின. காரில் முளைகளுக்குப் பதிலாகத் தகடுகள் நிற்கின்றன என்பதே வேறுபாடு.

இனி, திறப்பு ஏன் வெளியே வருவதில்லை? திறப்பை உருவும்போது அதன் மேடு பள்ளங்களுக்கேற்பத் தகடுகள் மேலும் கீழும் ஆடவேண்டும். ஆடுவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் உறையிலுள்ள பள்ளத்தில் மட்டுமே உண்டு. உருளை ஆரம்ப நிலையிலிருந்து சற்றே திரும்பியிருந்தாலும், தகடுகளின் நுனிகள் பள்ளத்துக்கு நேரே இல்லாமல் உறையின் சுவருக்கு எதிரே நிற்கும். அவை அசையமாட்டா. அசையாத தகடுகள் திறப்பின் பள்ளங்களைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆகவே, "திறப்பு இறுகிவிட்டது" என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: உருளை முழுவதுமாகத் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. நாம் செய்யவேண்டியது திறப்பை இழுப்பதன்று. உருளையைத் திருப்புவிக்காமல் தடுப்பது எது என்று தேடுவது.

(இந்தியத் தமிழர் இதனைச் சாவி என்பர், அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். நாம் திறப்பு என்கிறோம். பூட்டுவதற்கும் அதுவே வேண்டியிருக்க, பாதி வேலைக்கு மட்டும் பெயரிட்டது ஏனோ தெரியவில்லை. காரைப் பொறுத்தவரை நம்மைத் திண்டாட வைப்பது அந்தப் பெயரில்லாத மறுபாதிதான்.)

நமது பாட்டனார் காலத்து வண்டிகளில் இத்தொல்லை அவ்வளவாக இருந்ததில்லை. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை வீதிகளில் ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் சுமந்து, இன்றும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அது. அதன் ஆரம்பகால மாதிரிகளில் திறப்பின் வேலை மின்னோட்டத்தைத் திறப்பது மாத்திரமே. யந்திரத்தைக் கிளப்புவதற்கு வேறொரு குமிழைப் பிடித்து இழுக்கவேண்டும். ஸ்டியரிங்கைப் பூட்டும் வேலை திறப்புக்கு இல்லை. கியரைக் காவல் செய்யும் வேலையும் இல்லை. 1949இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் திறப்பைத் திருப்பினாலே யந்திரம் கிளம்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்புக்கள் அந்தச் சிறு உலோகத் துண்டின் தலையில் ஏறின.

முதலில் ஏறியது ஸ்டியரிங் பூட்டு. கார்த் திருடர்களின் தொல்லை பொறுக்க முடியாமல் 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனி அதனைக் கட்டாயமாக்கியது. 1970 முதல் அமெரிக்காவும் திருட்டுத் தடைக்கான விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. திறப்பை எடுத்ததும் ஒரு தடித்த உருக்கு முளை பாய்ந்து ஸ்டியரிங் தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து ஏறியது கியர்க் காவல். இது திருடர்களுக்காக வந்ததன்று, குழந்தைகளுக்காக வந்தது. ஓட்டோ கியர் வண்டியில் பெற்றோர் பிள்ளையை விட்டு இறங்கிப்போக, பிள்ளை விளையாட்டாகக் கியர்த் தண்டை இழுக்க, வண்டி தானே உருண்டோடி உயிர்களைப் பறித்த விபத்துக்கள் அமெரிக்காவில் நேர்ந்தன. அதனால் 1990இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. கியர் 'பார்க்' என்ற நிலைக்கு வந்தாலன்றித் திறப்பு வெளியே வரலாகாது. திறப்பு வெளியே வந்தபின் கியர் அந்நிலையைவிட்டு அசையலாகாது. 1992ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் இது அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பிரேக்கை மிதித்தாலொழியக் கியரை 'பார்க்' நிலையிலிருந்து எடுக்க முடியாதபடி செய்யும் ஏற்பாடும் 2010 செப்டெம்பர் முதல் அங்கே புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. உலகின் பிற கார் உற்பத்தியாளர் பலரும் இவற்றைத் தமது வண்டிகளில் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே, வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு திறப்பு வர மறுக்கும்போது, எங்கோ முகம் தெரியாத குழந்தைகள் சிலருக்கு நேர்ந்த கதி நமது பிள்ளைகளுக்கு நேராதபடி அது நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

எனவே ஓட்டோ கியர் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது கியரைத்தான். கண்ணுக்கு 'பார்க்' நிலையில் இருப்பதாகத் தோன்றினாலும் தண்டு மயிரிழை அளவு பின்தங்கியிருக்கலாம். காலைப் பிரேக்கில் அழுத்தி வைத்துக்கொண்டு, கியரை 'நியூட்ரல்' வரை இழுத்து, மறுபடியும் 'பார்க்' நிலைக்கு உறுதியாகக் கொண்டுபோய் விடுங்கள். பிறகு திறப்பை இறுதிவரை திருப்பி உருவிப் பாருங்கள். பத்தில் பல வேளை அங்கேயே கதை முடிந்துவிடும். இவ்வாறு அடிக்கடி நேருமானால், கியரிலிருந்து வரும் கம்பி தளர்ந்திருக்கிறது என்று கொண்டு கராஜுக்குப் போகவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் வுல்பெண்டால் மேட்டைச் சுற்றியுள்ளவை போன்ற ஏற்ற இறக்கமான வீதிகளில் வண்டி நிறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சரிவிலே முதலில் 'பார்க்' போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் முழுப் பாரமும் கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும். அப்போது கியரும் இறுகும்; அதனோடு தொடுக்கப்பட்ட திறப்பும் இறுகலாம். காலைப் பிரேக்கில் வைத்தபடியே கைப் பிரேக்கை இழுத்து, காலைச் சற்றுத் தளர்த்தி வண்டியின் பாரம் அதிலே தங்குகிறதா என்று பார்த்து, அதன் பின்னர் 'பார்க்' போடுவதே முறை.

கையால் கியர் போடும் வண்டிகளின் கதை வேறு. இவற்றில் 'பார்க்' என்பதே கிடையாது. ஓடும் வண்டியில் யாராவது தவறுதலாகத் திறப்பைப் பின்னுக்குத் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதைவிடப் பயங்கரம் வேறில்லை. அதனைத் தடுப்பதற்காக டொயோட்டா, சுசூக்கி முதலிய வண்டிகள் பலவற்றில் ஒரு சிறு தந்திரம் உண்டு. 'ஏசிசி' என்று குறித்த இடத்திலிருந்து 'லொக்' என்று குறித்த இடத்துக்குத் திருப்பும்போது திறப்பை உள்நோக்கி அழுத்தியபடியே திருப்பவேண்டும். வேறு சில வண்டிகளில் பக்கத்திலே ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். இரவல் வண்டி ஓட்டுகிறவர்களும், புதிதாக வாங்கியவர்களும் இதை அறியாமல் இழுத்து இழுத்துக் களைத்துப்போகிறார்கள். வெளியே வரவேண்டிய பொருளை உள்ளே அழுத்தவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? வண்டியுடன் வரும் கைநூலில் இது அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த நூலோ பொலித்தீன் உறை பிரிக்கப்படாமலே பெட்டகத்தில் உறங்குகிறது.

திறப்பு நுழைந்தும் திரும்பாமல் நின்றால் காரணம் பெரும்பாலும் ஸ்டியரிங் பூட்டே. சில்லு நடைபாதைக் கல்லில் முட்டியபடி வண்டியை நிறுத்தினால், ஸ்டியரிங் தண்டு அந்த உருக்கு முளையைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டிருக்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டிக்கொண்டு மறு கையால் திறப்பைத் திருப்பினால் முளை விடுபடும். திறப்பை எடுக்கமுடியாமல் நிற்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம். மெல்ல என்பதை மறவாதீர்கள்.

இன்னொரு காரணம் பலரும் எண்ணிப் பாராதது: பற்றரி. புதிய ஓட்டோ வண்டிகள் சிலவற்றில் திறப்பை விடுவிப்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சிறு முளை. பற்றரி முற்றாக இறந்துவிட்டால் அந்த முளைக்கு உயிரில்லை, திறப்பும் விடுபடாது. விளக்குகளும் எரியவில்லை, ஒலிப்பானும் ஒலிக்கவில்லை என்றால் பூட்டை நோவதில் பயனில்லை. அயல் வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கவேண்டியதுதான்.

இவ்வளவும் பூட்டு நல்ல நிலையிலிருக்க நேர்பவை. உண்மையாகவே பூட்டும் திறப்பும் தேய்ந்து நோயுற்றிருக்கும் நிலையை இனிப் பார்ப்போம். இலங்கையில் இது முன்னரிலும் அதிகமாகவே எதிர்ப்படுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டிலிருந்த வண்டிகளே கை மாறிக் கை மாறி ஓடின. விற்றுவிட்டுப் புதியது வாங்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லாமல், பத்து வயது வண்டி பதினைந்து வயதாயிற்று. நாளொன்றுக்கு ஆறு முறை திறப்பைப் போட்டு எடுத்தால் பதினைந்து ஆண்டுகளில் முப்பத்திரண்டாயிரம் முறைக்கு மேலாகிறது. பித்தளையும் பாவம், எவ்வளவுதான் தாங்கும்?

திறப்பின் மேடுகள் தேய்கின்றன, பள்ளங்கள் அகல்கின்றன, தகடுகள் வேண்டிய உயரத்துக்கு எழுவதில்லை. தேய்வு முற்றிய பூட்டுக்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சில, திறப்பை விடாமற் பிடிக்கும். சிலவற்றில், யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பு கையோடு வந்துவிடும். பின்னதைப் பலர் வேடிக்கையாக நண்பர்களுக்குக் காட்டுவதுண்டு. அது வேடிக்கையன்று.

தேய்ந்த திறப்பைக் கொண்டுபோய்த் தெருவோரக் கடையில் நகல் வெட்டுவிப்பது நம்மவர் வழக்கம். அந்த யந்திரம் திறப்பிலுள்ளதை உள்ளபடியே பெயர்த்து வெட்டுவது. தேய்வையும் சேர்த்தே வெட்டும். தன் பங்குக்குச் சிறு பிழையையும் கூட்டும். நகலுக்கு நகல், அதற்கு இன்னொரு நகல் என்று போனால் நாலாம் தலைமுறையில் பாட்டனாரின் முகச்சாயலே இராது. மாணவர்கள் ஒருவர் கொப்பியைப் பார்த்து மற்றவர் எழுதும்போது பிழைகள் பெருகுவதை எமது தொழிலில் நாம் நன்கு அறிவோம், இதுவும் அவ்வாறே. பயன்படுத்தாமல் வீட்டில் வைத்திருக்கும் இரண்டாவது திறப்பு இருக்குமானால், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். அது இலகுவாகப் போய் வருமானால் பூட்டிலே குற்றமில்லை. நகல் எடுப்பதையும் அந்தத் தேயாத திறப்பிலிருந்தே எடுக்கவேண்டும். திறப்பின் தலைக்குள் ஒரு சிறு மின்னணுச் சில்லுப் பொதிந்திருக்கும் வண்டிகள் இப்போது பல. அவற்றின் வெறும் உலோக நகல் துவாரத்தில் திரும்புமே தவிர, யந்திரம் கிளம்பாது.

தேய்வுக்குத் துணை செய்வது அழுக்கு. கடற்கரைக்கு ஒரு கூப்பிடு தூரத்திலிருக்கும் வெள்ளவத்தை வீடுகளில் இரும்புக் கேற்றும் மின்விசிறியும் படும் பாட்டை அங்குள்ளவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. உப்புக் காற்றும் ஈரமும் வீதிப் புழுதியும், திறப்போடு ஒட்டிக்கொண்டு போகும் சட்டைப்பைத் தும்பும் சேர்ந்து தகடுகளுக்கிடையே படிகின்றன. இதன்மேல் தேங்காய் எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? அன்றைக்குத் திறப்பு வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய் கொடுத்தவர் பெருமிதத்தோடு போவார். சில மாதங்களில் எண்ணெய் காறிப் பிசினாகிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மயிரிழை வில்லுகளுக்குப் பிசினைத் தள்ளும் பலம் ஏது?

பூட்டுக்கு உகந்தது உலர்ந்த தூள். அதிலும் சிறந்த ஒன்று நமது சொந்த மண்ணிலேயே விளைகிறது: காரீயம். பென்சிலுக்குள் இருப்பது இதுதான். ஈயம் என்னும் உலோகத்தோடு இதற்கு உறவில்லை. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளுக்கூடே நரம்பு நரம்பாக ஓடும் இலங்கைக் காரீயம், அதன் தூய்மைக்காக உலகப் புகழ் பெற்றது. அதன் கரிம அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன; ஒரு தாள் மற்றதன்மேல் சறுக்கும். இதிலே ஓர் அதிசயம். காற்றில் ஈரம் இருந்தால்தான் இச்சறுக்கல் நன்கு நடைபெறும். இரண்டாம் உலகப் போரில், ஈரமற்ற மிக உயர்ந்த வானில் பறந்த விமானங்களில், மின்பிறப்பாக்கிகளின் கரித் தூரிகைகள் மிக விரைவில் தேய்ந்து பொடியாயின; காரணம் ஆராயப்பட்டபோதுதான் இவ்வுண்மை நன்கு வெளிப்பட்டது. கொழும்பின் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை!

பூட்டுக்கென்று விற்கும் காரீயத் தூளை ஓர் ஊது அளவு விட்டால் போதும். கிடைக்காவிட்டால், மிருதுவான பென்சிலால் திறப்பின் இரு பக்கங்களிலும் விளிம்பிலும் நன்றாகத் தேய்த்து, பத்துப் பன்னிரண்டு முறை நுழைத்து எடுத்துத் துடைத்துவிடுங்கள். பென்சிலில் களிமண்ணும் கலந்திருப்பதால் இதை அவசர வைத்தியமாக மட்டுமே கொள்க. அள்ளிக் கொட்டவேண்டாம், காரீயம் மின்சாரத்தைக் கடத்துவது, பூட்டின் பின்புறத்திலோ மின் ஆளி இருக்கிறது. முன்பே எண்ணெய் விட்ட பூட்டில் காரீயத்தைச் சேர்த்தால் இரண்டும் குழைந்து சேறாகும். அத்தகைய பூட்டை முதலில் பாஸைக் கொண்டு கழற்றிக் கழுவுவிப்பதே நல்லது.

இனிச் சொல்லப்போவது இல்லத்தரசிகளுக்குப் பிடிக்காமற் போகலாம். நமது குடும்பங்களில் திறப்புக் கோர்வை என்பது வெறும் இரும்பன்று, அது அதிகாரம். இடுப்பில் செருகிய கோர்வையைக் கொண்டே வீட்டில் ஆட்சி யாருடையது என்பதை வந்தவர்கள் அறிந்துகொண்ட காலம் ஒன்றிருந்தது. இன்று அக்கோர்வை காருக்குள் குடியேறியிருக்கிறது. வீட்டு முன்கதவு, பின்கதவு, அலுமாரி, கடை, கேற்றுப் பூட்டு ஆகிய எல்லாவற்றின் திறப்புக்களும் கார்த் திறப்போடு ஒரே வளையத்தில் தொங்குகின்றன. போதாததற்குக் கதிர்காமத்தில் வாங்கிய பித்தளை வேல் ஒன்றும், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பொம்மை ஒன்றும். பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி குலுங்கும்போதெல்லாம் இத்தனை பாரமும் ஊசலாடித் தகடுகளையும் ஆளியையும் இழுக்கிறது.

இப்பாரம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஷெவ்ரொலே கோபால்ட் முதலிய சிறு கார்களில் பொருத்திய ஆளி, வேண்டிய அளவு இறுக்கமில்லாதது. திறப்பில் தொங்கிய பாரத்தாலோ, குலுக்கலாலோ, முழங்கால் தட்டியதாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே அது 'ரன்' நிலையிலிருந்து நழுவியது. யந்திரம் நின்றது, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் யந்திரம் அளித்துவந்த துணைப்பலம் போயிற்று, மோதும் வேளையில் விரிந்து உயிர் காக்கவேண்டிய காற்றுப் பைகளும் விரியவில்லை. திறப்பின் தலையிலிருந்த துளை நீளமாக இருந்ததனால் வளையம் ஒரு பக்கமாக ஒதுங்கி இழுக்க முடிந்தது. 2005 டிசெம்பரிலேயே நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது: முறையிடுவோரிடம் திறப்பு வளையத்தின் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், நீளத் துளையைச் சிறு துளையாக்கும் ஒரு செருகலைக் கொடுங்கள் என்று. மக்கள் எல்லோருக்கும் அறிவிக்கவில்லை. பின்னர் ஆளியின் அமைப்பை மாற்றியபோதும் அதன் இலக்கத்தை மாற்றாமலே விட்டார்கள். ஆதலால் பழையது எது, திருந்தியது எது என்று வெளியார் பிரித்தறிய முடியாமற் போயிற்று. 2014 பெப்ரவரியில்தான் வண்டிகளை மீள அழைக்கத் தொடங்கினார்கள். மொத்தம் ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள். அந்நிறுவனம் அமைத்த நட்டஈட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துக்கு 90 கோடி டொலர் செலுத்தவும் நிறுவனம் இணங்கியது. 2014 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் அதன் தலைவி மேரி பாரா கேள்விகளுக்கு விடையளித்தபோது, ஆளியைத் திருத்துவதற்கு ஒரு காருக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு சில்லறைக் காசுதான் என்பது அங்கே திரும்பத் திரும்பப் பேசப்பட்டது.

நூற்றிருபத்துநான்கு உயிர்களும் போனது, இறுகிப் பிடித்த திறப்பினால் அன்று. இலகுவாக நழுவிய திறப்பினால். விடமாட்டேன் என்று பிடிவாதம் செய்யும் பூட்டின்மீது இதை அறிந்தபின் எமக்குக் கோபம் வருவதில்லை. நழுவும் பூட்டுத்தான் அச்சந் தருவது. பாதையில் போகும்போது யந்திரம் காரணமின்றி நின்று, வானொலியும் ஒரு கணம் ஓய்ந்து மீண்டதானால், அந்த வண்டியை அன்றைக்கே காட்டவேண்டும். கார்த் திறப்பு தனி வளையத்தில் இருக்கட்டும். அதனோடு வேறொன்றும் வேண்டாம். கதிர்காமத்து வேலுக்கு வீட்டிலே இடமுண்டு.

செய்யவேண்டியதெல்லாம் செய்தும் திறப்பு வராவிட்டால்? முதலில், வண்டிக்குள் பிள்ளைகளை விட்டுவிட்டு பாஸைத் தேடிப் போகவேண்டாம். திறப்பு உள்ளே நிற்கும் வண்டி, தொட்டால் கிளம்பக்கூடிய வண்டி. கைப் பிரேக்கை இழுத்துவிடுங்கள். இரவு முழுவதும் அப்படியே நிற்கவேண்டி வந்தால், பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பது நன்று. இல்லாவிடில் காலையில் பற்றரியும் இறந்து தொல்லை இரண்டாகும். குறட்டினால் பிடித்து முறுக்குவது கூடவே கூடாது. கார்த் திறப்பின் கழுத்து மெல்லியது. பல ஆண்டுகள் முறுக்கப்பட்டு உள்ளே வெடிப்புக் கண்டிருப்பது. அது முறியும்போது பாதி துவாரத்துக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அவ்வாறு முறிந்துவிட்டால் மற்றத் திறப்பை நுழைத்துத் தள்ளிப் பார்க்காதீர்கள். துண்டு இன்னும் ஆழத்துக்குப் போகும். பசையை ஒட்டி இழுக்கும் வித்தையும் வேண்டாம். பசை தகடுகளில் ஒட்டினால் பூட்டே போயிற்று. பூட்டு வேலை தெரிந்தவர் கொக்கிபோன்ற மெல்லிய கம்பியால் அதை எடுத்துவிடுவார். முதற் கேள்வியாக, உருளை ஆரம்ப நிலையில் நிற்கிறதா என்று அவர் பார்ப்பார். ஏனென்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

பூட்டை மாற்றத்தான் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பூட்டுக்கள் திறப்போடு சேர்ந்தே கிடைக்கும். ஆனால் இக்னிஷனுக்கு ஒரு திறப்பு, கதவுக்கு ஒரு திறப்பு, பெற்றோல் தாங்கி மூடிக்கு இன்னொன்று என்று வாழ்நாள் முழுவதும் தடவிக்கொண்டிருக்க நேரும். கைத்திறமுள்ள ஒருவர் கிடைத்தால், பழைய உருளையைத் திறந்து தேய்ந்த தகடுகளை மட்டும் மாற்றித் தருவார். உயர்தர வகுப்பு மாணவர்கள், வீட்டில் எறிந்து கிடக்கும் பழைய மேசைப் பூட்டு ஒன்றை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்துக் கழற்றிப் பார்த்தால் இவ்வளவு நேரம் நாம் எழுத்தில் விவரித்ததை ஐந்து நிமிடத்தில் கண்ணாற் காணலாம். வில்லுகள் துள்ளி ஓடும், துணி அதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று. புதிய கார்கள் பலவற்றின் திறப்புக்களோடு நகத்தளவான ஒரு சிறு உலோகத் தகடும் வரும். அதிலே சில எழுத்துக்களும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் அத்திறப்பு வெட்டப்பட்ட அளவுகளுக்கான குறியீடு அது. அதைக்கொண்டு, தேய்வின் சாயல் ஒரு சிறிதுமின்றி, முதல்நாள் இருந்த திறப்பையே மறுபடியும் வெட்டுவிக்க முடியும். ஜப்பானில் ஓடிப் பின்னர் இங்கு வந்த வண்டிகளை வாங்கியவர்களில் பலருக்கு அத்தகடு கிடைப்பதில்லை. கிடைத்தவர்கள் அதனை இன்றைக்கே தேடி எடுத்து, எண்ணை வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிவிட்டு, தகட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டட்டும். காருக்குள் வைக்கவேண்டாம்.